சாமி வராத சாமி படம்

எங்கள் நைனாவுக்கு சினிமாவில் வேலை. இதைச் சொன்னால் வீட்டுப் பிள்ளைகள் வாயைப் பிளக்கிறார்கள், நடிகர்களோடு எடுத்த போட்டோ எங்கே என்று கேட்கிறார்கள். அவர் பார்த்த வேலை ஜட்கா வண்டியில் உட்கார்ந்து தெருத்தெருவாகப் போய், கொட்டகையில் இன்றைக்கு என்ன படம் என்று கத்துவது. வண்டியின் இரண்டு பக்கமும் படத்தின் விளம்பரத் தட்டியைச் சாய்த்துக் கட்டியிருப்பார்கள். முன்னால் வண்டிக்காரர், பின்னால் நைனா, கையில் தகரத்தில் செய்த ஊதுகுழாய். நாங்கள் அப்போது மர்பி டவுனில் லைன் வீட்டில் இருந்தோம். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஊரைவிட்டுப் போய் பத்து வருஷம் ஆகியிருக்கும். அவர்கள் இங்கிலீஷ் படம் பார்த்த கொட்டகையில் தமிழ்ப் படம் ஓட ஆரம்பித்திருந்தது. அப்பாவை நைனா என்று கூப்பிடுவதுதான் பட்டாளம் தங்கிய எங்கள் தண்டுப் பக்கத்து வழக்கம்.

படத்தின் பெயரைக் கத்தினால் ஜனம் திரும்பிக்கூடப் பார்க்காது. பெயரில் என்ன இருக்கிறது? என்ன மாதிரிப் படம் என்று சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் வீட்டில் யார் போகலாம், யார் போகக்கூடாது என்று முடிவாகும். சாமி படம் என்றால் கிழவி முதல் கைக்குழந்தை வரை எல்லாரும் போகலாம், புருஷனிடம் கேட்கக்கூட வேண்டாம். குடும்பப் படம் என்றால் கல்யாணமானவர்கள் போகலாம். ராஜா ராணிப் படத்துக்கு அண்ணன் தம்பி யாராவது துணைக்கு வர வேண்டும். மர்மப் படம், சண்டைப் படம் என்றால் பெண்கள் வாயைத் திறக்கக்கூடாது. அதனால் நைனாவின் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தைக்காகத் தெருப் பெண்கள் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள்.

இவ்வளவு பெரிய பொறுப்பில் இருந்த மனிதர் படத்தைப் பார்த்துச் சொன்னாரா என்றால், அதுதான் இல்லை. படம் ஓடுகிற நேரம் முழுக்க அவர் வண்டியில் இருப்பார். வீட்டுக்கு வந்தால் தொண்டைக்கு வெந்நீர் வைத்துக்கொண்டு படுத்துவிடுவார். தட்டியைப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் முடிவு செய்வார். கிரீடமும் சூலமும் இருந்தால் சாமி படம். கிரீடமும் கத்தியும் இருந்தால் ராஜா ராணிப் படம். கிரீடத்துக்குப் பின்னால் புகை கிளம்பினால் மாயாஜாலம். கிரீடமே இல்லையா, சோஷியல், அதாவது சமூகப் படம். அந்த சோஷியலுக்குள் துளசி மாடமோ தொட்டிலோ தெரிந்தால் குடும்பப் படம். டார்ச்சு லைட்டும் தொப்பியும் தெரிந்தால் மர்மப் படம். மாடிப்படியில் ஒருத்தி வெள்ளைப் புடவையில் நின்றால் பேய்ப் படம். சிரிப்புப் படம் என்று தனியாக ஒன்று எங்களுக்கு இருந்ததே இல்லை. எந்தப் படமானாலும் நடுவில் ஒரு தடியனும் ஒரு ஒல்லியும் வந்து உதை வாங்கிவிட்டுப் போவார்கள், அதைச் சேர்த்துத்தான் டிக்கெட்டு.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. படம் ஒன்றுதான், ஆனால் தெருவுக்குத் தெரு அது வேறு படமாகிவிடும். எங்கள் லைனில் "குடும்பப் படம், கைக்குட்டை எடுத்துக்கினு வாங்கம்மா" என்று கத்துவார். அல்சூர் மார்க்கெட் தாண்டிக் கன்னடக்காரர்கள் இருக்கும் தெருவில் நுழைந்ததும் "சம்சாரத சித்ர, ஹெங்கசரு நோட்லேபேக்காத சித்ர" என்பார், பெண்கள் பார்த்தே தீர வேண்டிய படம் என்று அர்த்தம். உருது பேசுகிற சிவாஜிநகர்ப் பக்கம் போனால் அதே படம் "மார்தாட் பிக்சர், ஆவோ பாய்" என்று சண்டைப் படமாகிவிடும். தட்டியின் எந்த மூலையிலாவது ஒருவன் இன்னொருவன் சட்டையைப் பிடித்திருப்பான், அது போதும் அவருக்கு. ஒரே ஒரு தடவை தவிர யாரும் வந்து ஏமாற்றிவிட்டாய் என்று சண்டை போட்டதில்லை, ஏனென்றால் நம் படங்களில் எல்லாமே இருக்கும். தேடுகிறவனுக்கு வேண்டியது எப்படியும் கிடைத்துவிடும்.

நைனா பார்க்காத படங்களையெல்லாம் சேர்த்து வைத்துப் பிற்காலத்தில் நான் பார்த்துத் தீர்த்தேன். அப்போது எனக்கு ஒன்று புரிந்தது. சாமி படம், ராஜா ராணிப் படம் என்று எந்தப் பெயர் வைத்தாலும், அது என்ன வகை என்று தெரிந்துகொள்ளக் கடைசி ரீலில் யார் காலில் யார் விழுகிறார்கள் என்று பார்த்தால் போதும். சாமி படத்தில் எல்லாரும் சாமி காலில் விழுவார்கள். அதுவரை பட்ட கஷ்டமெல்லாம் சோதனை என்று சாமி வந்து சொல்லிவிட்டுப் போகும். ராஜா ராணிப் படத்தில் தளபதி இளவரசன் காலில் விழுவான். மாயாஜாலத்தில் பூதம் விழும். மர்மப் படத்தில் யாரும் விழ மாட்டார்கள், போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போவான், அதனாலேயே அது எங்கள் ஆட்களுக்குப் பிடிக்கவில்லை. குடும்பப் படத்தில் பெண்டாட்டி புருஷன் காலில் விழுவாள். அவன் அடித்திருப்பான், வீட்டைவிட்டுத் துரத்தியிருப்பான், எல்லாம் செய்திருப்பான். இருந்தாலும் அவள்தான் விழுவாள். அவன் அவளைத் தூக்கி நிறுத்தினதும் கொட்டகையில் பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். எனக்கு அந்த இடம் வந்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அதற்குக் காரணம் எங்கள் அக்கா.

அக்காவைத் தை மாதத்தில் அத்திபெலேவில் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளையும் அவர் அண்ணனும் சேர்ந்து அங்கே காய்கறி மண்டி வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே ஓசூர், ஊரெல்லாம் தமிழ் பேசுகிறவர்கள், பெண்ணுக்குத் தனியாக இருக்கிறோம் என்று தோன்றாது என்று நைனா பெருமையாகச் சொன்னார். ஆனி மாதம் கடைசியில் ஒரு காலை நேரம், மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிக்கொண்டு வந்த லாரியில் அக்கா வந்து இறங்கினாள். கையில் பை இல்லை. மாற்றுப் புடவை இல்லை. காலில் செருப்பும் இல்லை.

"இன்னாடி இது, இப்படி வந்து நிக்கிற?" என்று அம்மா கேட்டாள்.

அக்கா ரவிக்கையின் தோளை இறக்கிக் காட்டினாள். புருஷன், தராசுத் தட்டு தொங்குகிற சங்கிலியால் அடித்திருக்கிறான். தோளிலிருந்து முதுகுக்குள் இறங்கும் புண்களில் ஒன்று காய்ந்திருந்தது, ஒன்று காயவில்லை. அம்மா நைனாவைக் கூப்பிட்டாள். அவர் வந்து பார்த்தார். நன்றாகத்தான் பார்த்தார், நானும் அங்கேதான் நின்றிருந்தேன். பார்த்துவிட்டு, "எங்கனா இடிச்சிகினு இருப்பா" என்றார்.

"அடிக்கிறாரு நைனா. நான் போவல," என்றாள் அக்கா.

"புதுசுல அப்படித்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு நைனா சட்டையைப் போட்டுக்கொண்டு வண்டிக்குக் கிளம்பிவிட்டார்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்பார்களே, என்ன சொல்வது? நைனாவுக்கு அதற்கா பஞ்சம். கல்யாணம் ஆன முதல் வருஷம் ஆடி மாதத்தில் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். ஆடி பிறக்க இன்னும் சில நாள்தான் இருந்தது. "தலை ஆடிக்கு வந்துகீது புள்ள" என்று லைன் முழுக்கச் சொல்லிவிட்டார். சும்மா சொல்லவில்லை, ஊதுகுழாய் இல்லாத குறைதான். ஆடிக்கு அழைப்பதென்றால் தாய்வீட்டார் பலகாரத்தோடு போய் அழைத்து வர வேண்டும், பெண் தக்காளி லாரியில் தனியாக வந்து இறங்க மாட்டாள். இது லைனில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் நைனா சொன்ன வார்த்தையை எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். "தலை ஆடியா கண்ணு, நல்லா சாப்பிட்டு உடம்பத் தேத்திக்கினு போ" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களுக்கும் அந்த வார்த்தை வசதியாக இருந்தது.

ஆனால் ஆடி ஒரு மாதம்தான். ஆவணி பிறந்தால் அழைத்துப் போக ஆள் வரும். வந்தால் அனுப்பித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் ஆடிக்கு வந்தவள் ஆவணியில் போகாமல் இருக்க ஒரு காரணமும் கிடையாது. அக்கா அந்த மாதம் முழுக்க வாசலில் நிற்கவே இல்லை. காலண்டர் தாள் கிழிக்கிற வேலை என்னுடையது. ஒருநாள் நான் கிழிக்கப் போனபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு வேணாம்டி" என்றாள். நான் கிழிக்காமல் விட்டேன், மறுநாள் நைனா சேர்த்துக் கிழித்தார்.

ஆடி நடுவில் கொட்டகைக்குப் புதுப் படம் வந்தது. பெயரை நான் சொல்லப்போவதில்லை, யாருக்கும் நினைவிருக்கவும் வாய்ப்பில்லை. நோட்டீஸ் அச்சாகி வரவில்லை, தட்டி மட்டும்தான் வந்திருந்தது. தட்டி முழுக்க ஒரே அம்மன். கிரீடம், சூலம், எலுமிச்சம்பழ மாலை, கீழே ஒருத்தி விளக்கேற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆடி மாதம் வேறு. கேட்க வேண்டுமா? நைனா குழாயைத் தூக்கிக்கொண்டு, "சாமி படம், அம்மன் படம், தாய்மாருங்க தலைக்கு ஊத்திக்கினு வாங்க" என்று மூன்று பாஷையிலும் கத்தித் தள்ளிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியான ஆட்டத்துக்குக் கொட்டகை பெண்களால் நிரம்பி வழிந்தது. எல்லாரும் தலைக்குக் குளித்து மஞ்சள் பூசியிருந்தார்கள். செருப்பை வெளியிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். வேப்பிலை கொண்டுவந்தவர்கள் உண்டு, கூழுக்குக் காப்புக் கட்டியவர்கள் உண்டு. முந்தானையில் கற்பூரம் முடிந்து வந்திருந்தார்கள். கடைசி ரீலில் அம்மன் நேரில் வரும்போது திரைக்கு முன்னால் ஏற்றுவது வழக்கம். அம்மாவும் கற்பூரம் வைத்திருந்தாள். அக்காவை வற்புறுத்தி அழைத்துக்கொண்டு வந்திருந்தாள். சாமி படத்துக்கு வரமாட்டேன் என்று எந்தப் பெண் சொல்ல முடியும்?

படம் ஆரம்பித்தது. கிரீடம் ஒன்றும் வரவில்லை. ஒரு ஓட்டு வீடு, ஒரு கிணறு, தறி நெய்கிற புருஷன். அவன் அடிக்கிறான். அவள் தெருக்கோடியில் இருக்கும் கல் அம்மனிடம் போய் விளக்கேற்றி அழுகிறாள். தட்டியில் வரைந்திருந்தது இதைத்தான். அவள் அப்பன் வீட்டுக்கு ஓடிவருகிறாள். அப்பன் நல்லவன், பாசக்காரன், பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுகிறான். அழுதுவிட்டு, தட்டில் பழமும் வெற்றிலையும் வைத்துக்கொண்டு, அவளைக் கையைப் பிடித்துக் கொண்டுபோய்த் திரும்ப அங்கேயே விட்டுவிட்டு வருகிறான்.

எங்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் இன்னும் சாமிக்காகவே காத்துக்கொண்டிருந்தார்கள். சாமி படத்தில் கஷ்டம் எவ்வளவு அதிகமாகிறதோ அவ்வளவு பெரிய வெளிச்சம் வரும், அது எல்லாருக்கும் தெரிந்த முறை. திரையில் அந்தப் பெண் ராத்திரியில் அம்மன் முன்னால் வந்து நின்றபோது, முன் வரிசையில் யாரோ, இதுதான் இடம் என்று கற்பூரத்தை ஏற்றிவிட்டார்கள். இன்னும் நாலைந்து பேர் எழுந்து போய் ஏற்றினார்கள். அம்மா முந்தானையை அவிழ்த்தாள். கல், கல்லாகவே இருந்தது. அந்தப் பெண் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், திரும்பி நடந்து போய்க் கிணற்றில் குதித்துவிட்டாள். காலையில் அப்பன் வந்து கிணற்றடியில் மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறான். படம் முடிந்தது. கீழே கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

விளக்குப் போட்ட பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. கொட்டகை முழுக்கத் தேம்பல் சத்தம். அம்மா கையில் கற்பூரத்தோடு உட்கார்ந்திருந்தாள், ஏற்றவும் இல்லை, திரும்ப முந்தானையில் முடியவும் இல்லை. நானும் அழுதேன். அக்கா மட்டும் அழவில்லை. கூட்டத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆடி முடிஞ்சி எப்போ கண்ணு போற?" என்று அன்றைக்குக் காலையில் குழாயடியில் அவளிடம் கேட்டவள் எங்களுக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் வண்டி நின்றுகொண்டிருந்தது. பெண்கள் நைனாவைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஏய்யா, சாமி படம்னு கூட்டியாந்து பொணத்தக் காட்டிட்டியே, நீயெல்லாம் பொண்ணப் பெத்தவனா?" என்று ஒருத்தி கத்தினாள். ஆடி வெள்ளியும் அதுவுமாகத் துக்க வீட்டுக்குப் போய் வந்த மாதிரி திரும்பக் குளிக்க வேண்டியதாகிவிட்டது என்று இன்னொருத்தி மண்ணை வாரித் தூற்றாத குறையாகத் திட்டினாள். நைனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. தட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அம்மன் அங்கேதான் இருந்தாள்.

இந்த அவமானத்தை அவரால் தாங்க முடியவில்லை. எந்த இடத்தில் தப்பு நடந்தது என்று தெரிந்துகொள்ள, மறுநாள் வண்டியை நிறுத்திவிட்டு, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு படத்தை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை உட்கார்ந்து பார்த்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கண் சிவந்து கிடந்தது. சாப்பிட உட்கார்ந்தார். அக்காதான் சோறு போட்டாள்.

"அந்தப் புள்ள பாவம்," என்றார் நைனா. சோற்றில் கை வைத்தபடியே அழ ஆரம்பித்துவிட்டார். "இன்னா அடி அடிக்கிறான். கேக்க ஒரு நாதி இல்ல. அப்பன்காரன்தான் கொண்டுபோய் உட்டான். அவன்தான் கொன்னான்." பெரிய தொண்டை அல்லவா, அழுகையும் பெரிதாகத்தான் வந்தது. அடுத்த வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். அக்கா குழம்புக் கரண்டியோடு நின்றாள். நைனா அழுது முடிக்கும்வரை நின்று, பிறகு குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போனாள். எனக்கு அந்த நிமிஷம் என் அப்பாமேல் வந்த கோபம் வேறு யார்மேலும் வந்ததில்லை.

ஆவணி பிறந்த அன்றே ஆள் வந்துவிட்டது. மாப்பிள்ளையும் அவர் அண்ணனும். தட்டில் வாழைப்பழம், வெற்றிலைப் பாக்கு, ஒரு புடவை. லைன் பெண்கள் அவரவர் வாசலில் வந்து நின்றுகொண்டார்கள். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு மரியாதையாக உட்கார்ந்திருந்தார். பார்க்கிறவர்கள் பூனை என்று நினைப்பார்கள். அண்ணன்காரர்தான் பேசினார்.

"ஆயித்து மாமா, ஆடி முடிஞ்சிடுச்சி. மண்டியில தலைக்கு மேல வேலை கெடக்குது. புள்ளைய அனுப்பி வையுங்க."

அக்கா உள்ளே சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். அம்மா அவளுக்குத் தலை வாரிப் பின்னி விட்டிருந்தாள். அம்மாவும் அனுப்பத் தயாராகத்தான் இருந்தாள்.

நைனா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பழத்தைப் பார்த்தார், வெற்றிலையைப் பார்த்தார். எழுந்து தட்டைத் தூக்கி மாப்பிள்ளையின் கையில் கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டு விழித்தார்.

"ஆடிக்கு வரலப்பா அவ," என்றார் நைனா. வண்டியில் கத்துகிற குரல் தானாக வந்துவிட்டது. லைன் கோடி வரை கேட்டிருக்கும். "அடி தாங்காம வந்தா. நான் அனுப்பறதா இல்ல."

அண்ணன்காரர் எகிறினார். ஊரைக் கூட்டுவேன் என்றார், இவளை இனிமேல் எவன் வைத்து வாழ்வான் என்றார், சின்னவள் ஒருத்தி இருக்கிறாள் ஞாபகமிருக்கட்டும் என்று என்னைக் காட்டினார். நைனா அசையவில்லை. கடைசியில் அவர்கள் தட்டோடு கிளம்பிப் போனார்கள். வாசலில் நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக உள்ளே போனார்கள். ஒரு மாதமாக அவர்களும் பிடித்துக்கொண்டிருந்த வார்த்தை போய்விட்டது, வேறு என்ன சொல்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

நைனா வந்து அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்தார். முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார். நானும் அவள் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்றுதான் நினைத்தேன்.

அக்கா கட்டின பின்னலை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள். "வந்த அன்னிக்கே முதுகைக் காட்டினேனே நைனா. நீ பாத்தியே. அப்போ இடிச்சிகினு இருப்பான்னு சொன்ன. எவளோ ஒருத்தி வேஷம் போட்டுக்கினு அடி வாங்கினா, அதுக்கு அழுத. அவளப் பாத்தப்புறம்தான் என்னை நம்புனியா?"

அவள் குரலை உயர்த்தவே இல்லை. அக்கா அதற்குப் பிறகு அத்திபெலே போகவில்லை, ஒரு தையல் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு எங்களோடுதான் இருந்தாள், நைனாவின் கடைசிக் காலத்தில் அவருக்குக் கஞ்சி ஊட்டியதும் அவள்தான். அந்தக் கேள்வியை அவள் மறுபடி கேட்கவில்லை. அவரும் சாகும்வரை பதில் சொல்லவில்லை.